உறைந்த கடலில் ஒரு நாள்

சிவகாசிச் சீமையில் பிறந்து வளர்ந்தவன் பனிக்கடலைப் பற்றிப் பேச வந்தானே, இவனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்தில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை, மழைக்குத்தான் பஞ்சம். அந்த வறட்சியே தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கே வேரூன்ற ஒரு காரணமாயிற்று. பனிக்கட்டி என்று நாங்கள் கண்டதெல்லாம் பொருட்காட்சிச் சர்பத் கடையில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருக்கும் பாளம்தான்.

1982-ஆம் ஆண்டு நான் ஆசிரியர் பயிற்சி பெற்றுவந்த காலம். விடுதியில் ஒரே ஒரு வானொலிப் பெட்டி. அவ்வாண்டு ஜனவரி மாதத்தில், இந்திய விஞ்ஞானிகள் தென் துருவக் கண்டமாகிய அண்டார்டிகாவில் இறங்கிவிட்டார்கள் என்ற செய்தியை அந்தப் பெட்டியில்தான் கேட்டேன். டாக்டர் எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் 1981 டிசம்பர் 6-ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9-ஆம் தேதி உறைந்த கடலில் கால் வைத்தார்கள். போய்ச் சேரும்வரை விஷயம் வெளியே தெரியாது. அவர்கள் சென்ற கப்பல் நார்வே நாட்டிலிருந்து வாடகைக்கு அமர்த்தப்பட்டது. அதன் பெயர் 'போலார் சர்க்கிள்'. அந்த 'வாடகை' என்ற சொல் அன்று என் காதில் விழவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் அது உறுத்தத் தொடங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆசிரியர் வேலையில் சேர்ந்த புதிதில் நான் ஒரு பிழை செய்தேன். பனியுடைக்கும் கப்பலின் முனை கோடரியைப் போலக் கூர்மையாக இருக்கும், அது பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு போகும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கரும்பலகையில் படமும் வரைந்தேன். அது முழுத் தவறு என்பதை ஒரு நூலகத்தில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது அறிந்தேன். அதற்குள் அந்தப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

உண்மை என்னவென்றால், அந்தக் கப்பலின் முன்பகுதி அகப்பையின் அடிப்புறம்போல உருண்டு, சாய்வாக மேல்நோக்கி எழும்பியிருக்கும். யந்திரங்கள் உந்தும்போது கப்பல் பனிப்பாளத்தை அறுப்பதில்லை, அதன்மேல் ஏறுகிறது. ஏறியபின் தன் கனத்தினாலேயே அதை அமுக்கி உடைக்கிறது. எங்கள் ஊர்க் கண்மாய் வற்றுகிற மாசி, பங்குனியில் இதைக் காணலாம். சேற்றின்மேல் காய்ந்த ஏடு படிந்திருக்கும். ஆட்டுக்குட்டி அதன்மேல் ஓடிவிடும். எருமை கால் வைத்தால் ஏடு நொறுங்கிச் சேற்றுக்குள் போய்விடும். எருமையின் குளம்பு கூர்மையாக இருப்பதனாலா ஏடு உடைகிறது? கனத்தினால் அல்லவா? உடைந்த துண்டுகள் கப்பலின் அடியிலும் பக்கங்களிலும் நழுவிப் போக, பின்னே ஒரு கரிய நீர்ப்பாதை பிறக்கிறது. பாளம் மிகவும் தடிமனாக இருந்தால் கப்பல் பல கஜ தூரம் பின்வாங்கி, மறுபடி ஓடிவந்து ஏறும். சில கப்பல்களில் இருபுறமும் பெரிய தொட்டிகளை அமைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி இறைத்துக் கப்பலையே இப்படியும் அப்படியும் ஆட்டுவார்கள். பனியின் பிடி விடுவதற்கு இது ஒரு வழி.

இந்த யுக்தி 1864-இல் ரஷ்யாவில், கிரான்ஸ்டாட் துறைமுகத்தில், 'பைலட்' என்ற ஒரு சிறு கப்பலின் முனையைச் சாய்வாக வெட்டி அமைத்தபோது நடைமுறைக்கு வந்தது. பின்னர் மகாரோவ் என்ற கடற்படைத் தளபதியின் திட்டப்படி இங்கிலாந்தில் கட்டப்பட்ட 'யெர்மாக்' 1899-இல் வடதுருவக் கடலின் பனிக்குள் புகுந்தது. 1959-இல் அணுசக்தியால் இயங்கும் 'லெனின்' வந்தது. 1977 ஆகஸ்டில் 'ஆர்க்டிகா' என்ற மற்றோர் அணுசக்திக் கப்பல் பனியை உடைத்துக்கொண்டே வடதுருவப் புள்ளியை அடைந்தது. கடலின் மேற்பரப்பில் சென்று அங்கே சேர்ந்த முதல் கப்பல் அதுவே.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பனியை உடைக்கும் கப்பல் வேறு; பனியைத் தாங்குமாறு உறுதிப்படுத்தப்பட்ட கப்பல் வேறு. நம் நாட்டினர் பெரும்பாலும் சென்றுவந்தது இரண்டாவது வகையில். 2002-ஆம் ஆண்டில் 'மக்தலேனா ஓல்டன்டார்ஃப்' என்ற அத்தகைய கப்பல் ரஷ்ய விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு திரும்புகையில், தென் துருவக் குளிர்காலப் பனியில் சிக்கிக்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். தென் ஆப்பிரிக்காவின் 'அகுல்ஹாஸ்' வந்து ஹெலிகாப்டர் மூலம் பெரும்பாலோரை மீட்டது. அர்ஜென்டினாவின் பனியுடைப்புக் கப்பலான 'அல்மிராண்டே இரிசார்' பனியை உடைத்துக்கொண்டு உதவிக்கு வந்தது. ஆயினும் சிக்கிய கப்பல் அந்தக் குளிர்காலத்தை அங்கேயே கழிக்க வேண்டியதாயிற்று.

இனி, அத்தகைய கப்பலில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பார்ப்போம்.

நம் தேசத்திலிருந்து தெற்கே போகிறவர்கள் முதலில் கடக்க வேண்டியது நாற்பது டிகிரி அட்சரேகைக்குத் தெற்கேயுள்ள சீற்றக் கடல். காற்றைத் தடுக்க அங்கே நிலமே இல்லை. சாப்பாட்டு மேசையில் விரிப்பை ஈரமாக்கி வைப்பார்கள், தட்டுகள் வழுக்காமல் இருப்பதற்கு. நாற்காலிகளைத் தரையோடு பிணைத்திருப்பார்கள். பனியைத் தாங்குவதற்காக அடிப்பாகத்தை உருட்டையாகச் செய்த கப்பல் திறந்த கடலில் தொட்டில்போல் ஆடும். பனிக்கு ஏற்ற உருவம் அலைக்கு ஏற்றதல்ல. படித்த விஞ்ஞானியும் பழகிய சமையற்காரரும் ஒருங்கே தலைசுற்றிப் படுத்துவிடுகிற நாட்கள் அவை.

பின்பு ஒரு நாள் காலையில் விழித்தால் ஆட்டம் நின்றிருக்கும். கப்பல் பனிக்குள் நுழைந்துவிட்டது என்று அதனால் அறிந்துகொள்ளலாம். ஆட்டம் நின்ற இடத்தில் ஓசை பிறக்கிறது. கப்பலின் இரும்புச் சுவரில் பனிப்பாளங்கள் உரசி, இடித்து, முனகிக்கொண்டே போகும். படுக்கைக்கும் அந்தப் பனிக்கும் இடையே சுவர்தான். முதல் இரண்டு இரவுகள் யாருக்கும் உறக்கம் வராது. மூன்றாம் இரவு ஓசை நின்றால்தான் விழிப்பு வரும். தவிர, கோடைகாலத்தில் அங்கே இரவு என்பதே இல்லை. நடுநிசியில் வெயில் அடிக்கும். சன்னலைக் கறுப்புத் திரையால் மூடிக்கொண்டு, கடிகாரம் சொல்லும் வேளையை இரவென்று நம்பி உறங்க வேண்டும்.

மாலுமிகள் நான்கு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு என்று முறை வைத்து வேலை செய்கிறார்கள். செலுத்தும் மேடையில் நிற்பவர் செயற்கைக்கோள் எடுத்த படத்தையும் தம் கண்களையும் நம்பி, பாளங்களுக்கிடையே நீர் தெரியும் சந்துகளைத் தேடுவார். சில வேளை ஹெலிகாப்டர் முன்னே பறந்து வழி பார்த்துவரும். குடிநீர் கடல்நீரிலிருந்து எடுக்கப்படுவது. எனவே குளியலுக்குக் கணக்கு உண்டு. காய்கறி முதலில் குறையும். அப்பால் பருப்பும் ஊறுகாயும் காப்பாற்றும். குப்பையில் ஒரு துண்டுகூட அங்கே விட்டுவரக்கூடாது. 1991-இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் அண்டார்டிகாவின் தூய்மைக்குக் கடும் விதிகளை வகுத்திருக்கிறது. கரையில் இறங்குமுன் காலணியைக் கழுவி, சட்டைப் பையையும் உதறிச் சுத்தம் செய்கிறார்கள். நம் ஊர்ப் புல்விதை ஒன்று ஒட்டிக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்காக.

இவ்வளவு பனிக்கும் நீருக்கும் நடுவே அவர்கள் எதற்கு மிகவும் அஞ்சுகிறார்கள் தெரியுமா? நெருப்புக்கு! எங்கள் வட்டாரத்தினருக்கு இது வியப்பாக இராது. கடுங்குளிரில் காற்றிலுள்ள ஈரம் உறைந்து விழுந்துவிடுகிறது. கப்பலுக்குள்ளும் துருவ நிலையங்களுக்குள்ளும் அக்காற்றைச் சூடாக்கினால் அது சித்திரை மாதத்துச் சிவகாசிக் காற்றைவிட வறண்டு நிற்கும். கம்பளி உடையில் உரசி மின்சாரம் சேரும்; கதவுப் பிடியைத் தொட்டால் பொறி பறக்கும். எரிபொருள் நிரப்பும்போது அந்தப் பொறி எமனாகிவிடும். அணைக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் குழாயில் அது உறைந்திருக்கக் கூடும். ஓடி ஒளிய வெளியே இடமும் இல்லை.

எங்கள் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறைக்குள் பருத்தி உடுத்தியே போக வேண்டும். இரும்புக் கரண்டி கூடாது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். இவை வெறும் காகித விதிகள் அல்ல. இவற்றை மீறிய ஆலைகளின் கதை எங்கள் ஊர்களில் பல வீடுகளில் சுவரில் மாட்டிய படங்களாகத் தொங்குகிறது. அப்படங்களில் சில என் மாணவர்களின் தாய்மாருடையவை. ஆகவே, துருவக் கப்பலில் தீயணைப்புப் பயிற்சியும் படகில் ஏறும் பயிற்சியும் தவறாமல் நடக்கின்றன என்று படிக்கும்போது, அதை வேடிக்கையாக நான் படிப்பதில்லை.

நெருப்பைப் பற்றி இன்னொன்று. அந்தக் கப்பலின் செலுத்தும் மேடையிலும் உயிர்காக்கும் படகுகளிலும் வாணங்கள் உண்டு. சர்வதேச விதிப்படி கப்பலின் மேடையில் 12 குடைவாணங்கள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 1,000 அடி உயரம் ஏறி, ஒரு சிறு குடையில் தொங்கியபடி 40 விநாடிக்குக் குறையாமல் செந்நிறமாய் எரிய வேண்டும். அந்தச் சிவப்பு ஸ்ட்ரான்ஷியம் உப்பின் நிறம். எங்கள் ஊர்க் கம்பி மத்தாப்பில் சிவப்பாகப் பூப்பதும் அதே உப்புத்தான். நம் குழந்தைகள் கைகொட்டிப் பார்க்கும் நிறம், அங்கே "எங்களைக் காப்பாற்றுங்கள்" என்ற ஒரே சொல்லாகிவிடுகிறது. வடதுருவப் பக்கத்தில் வெண்கரடி நெருங்கினாலும் முதலில் வாணம் விட்டு விரட்டத்தான் பார்ப்பார்கள், துப்பாக்கி அப்புறம்.

சரி, இத்தனை பாடுபட்டு அங்கே என்ன செய்கிறார்கள்? வீர சாகசம் எதையாவது எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் அளக்கிறார்கள். கம்பி வடத்தில் ஒரு சட்டத்தைக் கட்டிக் கடலுக்குள் இறக்குகிறார்கள். அதில் வெப்பம், உப்பு, ஆழம் மூன்றையும் அறியும் கருவிகளும், சுற்றிலும் நீண்ட குப்பிகளும் இருக்கும். குறித்த ஆழத்தில் ஒவ்வொரு குப்பியாக மூடிக்கொண்டு, அந்த ஆழத்து நீரைச் சிறைபிடித்து வரும். கடல்நீர் உறையும்போது உப்பைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் பனிக்குக் கீழே உள்ள நீர் உப்பும் குளிர்ச்சியும் மிகுந்து, கனத்து, அடியில் இறங்கி, வடக்கு நோக்கி மெல்ல ஊர்கிறது. இந்துமகா சமுத்திரத்தின் அடித்தளத்தில் இன்று கிடக்கும் குளிர்நீரில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததே. பனிப்பாளத்தைத் துளைத்து உருளையாக எடுத்து, சாண் சாணாக அறுத்து ஆராய்கிறார்கள். நுண்ணுயிர்களை வலையில் அள்ளுகிறார்கள். வானத்தில் பலூனை விடுகிறார்கள். நள்ளிரவு ஆனாலும் அதிகாலை ஆனாலும் முறைப்படி ஒருவர் எழுந்து போய்ப் பார்த்துக் குறித்துவிட்டு வருகிறார்.

ஒரு நாள் குறிக்காவிட்டால் என்ன? என் பள்ளி அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானி வைத்தேன். தினமும் காலை எட்டரை மணிக்கு ஒரு மாணவன் அளந்து நோட்டில் எழுத வேண்டும். இரண்டு ஆண்டுகள் நோட்டு வெகு அழகாக இருந்தது. ஒரு முறை, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் சந்தையில் நான் தொப்பலாக நனைந்தேன். திங்கள் காலையில் நோட்டைப் பார்த்தேன். அந்த வாரக்கடைசிக்குப் பூஜ்யம் என்று முத்துமுத்தாக எழுதியிருந்தது. மானியில் நீர் அப்படியே நின்றது. பையனைக் கேட்டேன். "விடுமுறையில் வரவில்லை ஐயா, இடம் காலியாக இருந்தால் நீங்கள் கோபிப்பீர்கள் என்று எழுதிவிட்டேன்" என்றான். அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. காலியிடத்தைக் கண்டால் கோபிக்கிறவன் நான்தானே? இரண்டு ஆண்டுக் கணக்கில் எது மழை, எது பயம் என்று பிறகு யாராலும் பிரிக்க முடியவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம்.

அளவு விடாமல் எழுதியதன் பலனுக்கும் தென் துருவத்திலேயே சான்று உண்டு. அங்கே ஹாலி என்ற இடத்தில் ஆங்கிலேயர் 1950-களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரே வகைக் கருவியால் வானத்து ஓசோனை அளந்துவந்தார்கள். கால் நூற்றாண்டுக் காலம் அது சுவாரசியமற்ற எண்களாகவே இருந்தது. பிறகு வசந்த காலத்து அளவு ஆண்டுக்காண்டு சரியத் தொடங்கியது. ஜோசப் ஃபார்மனும் அவருடைய தோழர் இருவரும் 1985-இல் அதை வெளியிட்டார்கள். செயற்கைக்கோளும் அதே குறைவைப் பதிந்திருந்தது; ஆனால் அவ்வளவு குறைந்த எண்கள் ஐயத்துக்குரியவை என்று ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தன. தரையில் நின்று வருஷக்கணக்காக எழுதிவந்த மனிதர்களின் நோட்டுத்தான் சந்தேகத்தைத் தீர்த்தது. இரண்டே ஆண்டுகளில், 1987-இல், மாண்ட்ரியால் உடன்படிக்கை ஏற்பட்டது.

இடைவெளி விழாமல் அளப்பதற்காக ஒரு கப்பலையே பனியில் உறையவிட்ட கதையும் உண்டு. ஜெர்மானியரின் பனியுடைப்புக் கப்பலான 'போலார்ஸ்டெர்ன்' 1982-இல் பணிக்கு வந்தது. 118 மீட்டர் நீளம். ஒன்றரை மீட்டர்ப் பனியை நிற்காமல் உடைத்துச் செல்லும். 2019 செப்டம்பரில் நார்வேயிலிருந்து புறப்பட்டு, அக்டோபரில் வடதுருவக் கடலில் ஒரு பனிப்பாளத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு, பாளம் போன போக்கில் மிதந்தது. நான்சென் என்ற நார்வேக்காரர் 1893-இல் 'ஃபிராம்' கப்பலில் காட்டிய வழி அது. மாதக்கணக்கில் சூரியனே இல்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கரடிக் காவலுடன் பனிமேல் இறங்கி அளந்தார்கள். பாளம் பிளந்து மின்கம்பிகள் அறுபட்ட நாட்களும் உண்டு. மறுபடி கட்டி இணைத்தார்கள். இடையில் 2020-இல் கொள்ளைநோயினால் உலகமே கதவடைத்தபோது, ஆட்களை மாற்றுவதற்காகச் சில வாரங்கள் அந்தப் பாளத்தை விட்டு விலக நேர்ந்தது. அந்த இடைவெளிக்காக அவர்கள் வருந்தியதைப் படித்தபோது என் மழைமானி நோட்டு நினைவுக்கு வந்தது. அந்தப் பயணத்தில் கேரளத்து விஞ்ஞானி ஒருவரும் பங்கு கொண்டார் என்பது நமக்கு மகிழ்ச்சி.

நம்முடைய நிலை என்ன? அண்டார்டிகாவில் 'தக்ஷிண் கங்கோத்ரி' நிலையத்தை 1983-84-இல் அமைத்தோம். அது பனியில் புதைந்தது. 1989-இல் 'மைத்ரி', 2012-இல் 'பாரதி' எழுந்தன. தமிழ்நாட்டின் பங்கும் சிறிதன்று. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய சமுத்திரத் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'சாகர் நிதி' என்ற ஆராய்ச்சிக் கப்பல், பனியைத் தாங்கும் உடல் படைத்தது. 66 டிகிரி தென் அட்சரேகை வரை சென்று வந்திருக்கிறது. அந்த நிறுவனத்தார் முன்னின்று உருவாக்கிய 'இண்டார்க்' என்னும் கருவித் தொகுதி, 2014 ஜூலையில், வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்ட் தீவின் கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் நிறுத்தப்பட்டது. ஆண்டு முழுவதும், மேலே பனி மூடிக் கிடக்கும் மாதங்களிலும், அது நீரின் வெப்பத்தையும் உப்பையும் எழுதிக்கொண்டே இருக்கும். வடதுருவப் பனிக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வது அதன் நோக்கங்களில் ஒன்று. மழைக்கு ஏங்கும் எங்கள் ஜில்லாக்காரர்கள் அந்தக் கருவிக்கு நல்லபடி நடக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்வதில் தவறில்லை.

ஆனால் இண்டார்க்கைக் கொண்டுபோய் இறக்கியது 'லான்ஸ்' என்ற நார்வேக் கப்பல். 2021 ஜனவரியில் நாற்பதாவது அண்டார்டிகப் பயணத்தினர் கோவாவிலிருந்து போனது 'வசீலி கலோவ்னின்' என்ற ரஷ்யக் கப்பலில். 1982-இல் கேட்ட 'வாடகை' என்ற சொல் இன்னும் ஒலிக்கிறது. வாடகைக் கப்பலுக்கு நாள் கணக்கு உண்டு. எண்ணெய்ப் பீப்பாய்களையும் உணவு மூட்டைகளையும் இறக்குவதே அதன் முதல் வேலை. பனி உடையும் இடத்தில் நின்று ஒரு வாரம் அளக்க வேண்டும் என்று விஞ்ஞானி கேட்டால், நாள் இருந்தால் பார்க்கலாம் என்பதுதான் பதில். சொந்தமாக ஒரு துருவ ஆராய்ச்சிக் கப்பலுக்கு 2014-இல் மத்திய மந்திரி சபை ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் அளித்தது, காரியம் நடக்கவில்லை. 2025 ஜூனில் கல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் தளம், அத்தகைய கப்பலை வடிவமைக்க நார்வே நிறுவனம் ஒன்றுடன் உடன்பாடு செய்துகொண்டது. பிறரிடம் கற்பது இழிவல்ல. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தாவுக்குப் போய்த் தீக்குச்சி செய்யக் கற்றுக்கொண்டு வந்ததனால் அல்லவா சிவகாசி சிவகாசியாயிற்று? ஆனால் அவர்கள் கற்றுவிட்டுத் திரும்பிவந்து தொழிலைத் தொடங்கினார்கள். நாற்பது ஆண்டுக் காலம் பிறர் பெட்டியை வாடகைக்கு வாங்கிக்கொண்டிருக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பின்பும் அந்த மழைமானி பள்ளி முற்றத்தில் இருக்கிறது. காலியிடம் விட்டால் கோபிக்கமாட்டேன் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு வந்தேன். பிள்ளைகள் இப்போது விடுமுறை நாளுக்குக் கோடு போட்டு வைக்கிறார்கள். காலை எட்டரை மணிக்கு அளக்கிறார்களே, அது கிரீன்விச் கணக்கில் அதிகாலை மூன்று மணி. வானிலையைக் குறிக்க உலகத்தார் வகுத்துக்கொண்ட வேளைகளில் அதுவும் ஒன்று. விருதுநகர்ப் பையன் குவளையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிற அதே நிமிஷத்தில், தென் கடலில் எங்கோ பனிக்கு நடுவே ஒரு கப்பலில், காவல் முறைக்காரர் ஒருவர் கையுறையைக் கழற்றிவிட்டுப் பென்சிலை எடுக்கிறார்.